முழுசும் சொன்னால் மன்னிப்பு

1

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை லாரி வரும். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பாக்கியம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நீ வாத்தியார்தானே. இத்தக் கொஞ்சம் படிச்சிப் பாரு. இங்லீஷ்தான், ஆனா இன்னா சொல்லுதுன்னு புடிபடல."

பாக்கியம் இந்த டர்பன் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். அந்தக் காலத்துச் சீட்டில் அவர்கள் ஜில்லா வட ஆற்காடு, தாலுகா சித்தூர் என்று எழுதியிருப்பதை ஒருமுறை எடுத்துக் காட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேசினால் எங்கள் நகரிப் பக்கத்து அம்மாள் யாரோ பேசுவதுபோல இருக்கும். "சோறு துன்னியா?" என்றுதான் கேட்பாள். "நீங்கள்" என்ற சொல் அவள் தமிழில் இல்லை.

கடிதம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. இங்கே ஆட்சி மாறியபின் ஒரு சட்டம் போட்டார்கள். பழைய ஆட்சிக் காலத்தில் அரசியலுக்காகக் குற்றம் செய்தவர்கள், எந்தத் தரப்பாக இருந்தாலும், தாங்களே முன்வந்து செய்ததை முழுசும் சொல்லிவிட்டால் பொதுமன்னிப்பு. சிறை கிடையாது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் முடியாது. பழைய பாதுகாப்புப் போலீஸில் இருந்த ஒருவர் இதற்கு மனு கொடுத்திருக்கிறார், அவர் சொல்லப்போவது உங்கள் மகன் சாவைப் பற்றி, விசாரணைக்கு வரலாம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். இதை மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். அவள் மகன் தனபாலன் பெயரில் இரண்டு எழுத்துத் தப்பு.

தனபாலன் சாகும்போது வயது இருபத்திரண்டு. தடை செய்த துண்டுப் பிரசுரங்களை வைத்திருந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் நாலாவது மாடியிலிருந்து அவனாகவே குதித்துவிட்டான் என்று சொன்னார்கள். யார் மீதும் தவறில்லை என்று அப்போதே எழுதி மூடிவிட்டார்கள். அது பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய கதை.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்ப அவன் எங்கிட்ட மன்னிப்பு கேக்கிறானா?"

அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. பொதுமன்னிப்பு என்று நான் சொன்ன சொல்லில் மன்னிப்பு இருக்கிறது. இவர்கள் சட்டத்தில் அது இல்லை. அவர் வருத்தப்பட வேண்டும் என்றுகூட அதில் எங்கும் எழுதவில்லை.

"இல்ல பாக்கியம். கவர்மெண்டுகிட்டதான் கேக்கிறான்."

"கவர்மெண்டு புள்ளயவா கொன்னான்?" என்றாள்.

2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது நகரி. படித்தது திருப்பதி. கொஞ்ச காலம் சித்தூரில் கணக்கு வாத்தியார். பிறகு ஜாம்பியாவில் பள்ளிக்கூட வேலை கிடைத்துக் கிளம்பியவன், அங்கேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மகள் மாலதிக்கு இங்கே வேலை கிடைத்ததால் மனைவியோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தேன். மாலதி வக்கீல். அவள் பெண் என்னைத் தாத்தா என்று கூப்பிட முயன்று "டாட்டா" என்கிறாள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வழியனுப்பி வைக்கிறாளோ என்று தோன்றும்.

இங்கே எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பிறந்த ஊர், மாநிலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் பிறந்தபோது நகரி சென்னை மாகாணம். பள்ளிக்கூடம் போனபோது ஆந்திர மாநிலம். காலேஜுக்குப் போனபோது ஆந்திரப் பிரதேசம். குடியிருந்தது ஒரே வீடு. குடியேற்ற ஆபீஸில் இருந்த பெண்ணிடம் இதை விளக்கப் போய், மூன்று பாரத்தில் மூன்று மாநிலம் ஏன் எழுதினாய் என்று எட்டு மாதம் என் காகிதத்தைக் கிடப்பில் போட்டார்கள்.

அந்த எல்லைச் சண்டையின்போது எனக்குப் பதினாறு வயது. ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்ததும், எங்கள் பக்கம் எந்த மாநிலத்தோடு இருப்பது என்ற கிளர்ச்சி பெரிதாகிவிட்டது. என் நைனா ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். தமிழ், தெலுங்கு இரண்டிலும் அச்சுப்போல எழுதுவார். எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்களே, அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தது அவர்தான். அவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்கள் பத்துப் பேர். அதில் நானும் ஒருவன்.

கிளர்ச்சியை அடக்க வெளியிலிருந்து வந்த போலீஸார் ஒரு சத்திரத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நைனாவை அங்கே கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மனுவைக் கொண்டுபோன ஆட்களின் பெயரைச் சொல் என்பதுதான் கேள்வி. கேட்டவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நைனாவின் வலக்கையை மேசைமேல் வைக்கச் சொல்லித் தடியால் அடித்திருக்கிறார். திரும்பி வந்தபோது நாலு விரலும் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அம்மா மஞ்சளை அரைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏதாச்சும் சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தில் ஒன்பது. விட்டுப்போனவன் நான் ஒருவன்தான்.

இதற்குமேல் நான் விளக்க வேண்டாம். நைனா என் பெயரைச் சொல்லவில்லை என்பதற்கு நான் வெளியே இருந்ததே சாட்சி என்று அம்மா சொன்னாள். மகனைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற ஒன்பது பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டான் என்பதற்கும் அதுவே சாட்சி என்று ஊர் சொன்னது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பத்திரம் எழுத வந்தவர்கள் பக்கத்து மேசைக்குப் போனார்கள். விரல் மடங்காதவனிடம் எப்படி எழுதச் சொல்வது என்று ஒரு சாக்கும் இருந்தது.

நைனா சித்தூர் கோர்ட்டில் அந்த சப்-இன்ஸ்பெக்டர் மீது பிராது கொடுத்தார். அவருக்காக வாதாடிய வக்கீல் தெலுங்கர். காசு வாங்காமல் வாதாடினார். அதையும் சொல்ல வேண்டும், இதை மொழிச் சண்டைக் கதையாக யாரும் படிக்கக்கூடாது. வாய்தா வாய்தாவாக மூன்று வருஷத்துக்குமேல் நைனா பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய் வந்தார். அந்த ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"கூண்டுல ஏறி நின்னு சத்தியம் பண்ணிட்டு அவன் வாயால சொல்லணும்டா. இவன் யார் பேரையும் சொல்லலன்னு. அது போதும்."

3

பாக்கியத்துக்கு வந்த பாரத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம். ஆட்சேபிக்கிறேன், ஆட்சேபிக்கவில்லை. அவள் ஒரு வாரம் அதை அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்கடியில் வைத்திருந்தாள்.

"இன்னா பண்றது சொல்லு" என்றாள்.

"ஒத்துக்காத. எழுதி அனுப்பு" என்று நான் உடனே சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலதி வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு வந்தது.

"ஏம்ப்பா அவங்கள டிஸ்டர்ப் பண்றீங்க? அவங்க முடிவ அவங்க எடுக்கட்டும்."

"பெத்த புள்ளயக் கொன்னவன் ஒரு பாரத்தப் பூர்த்தி பண்ணிட்டு வீட்டுக்குப் போறான். அதுக்குச் சரின்னு சொல்லச் சொல்றியா?"

"பதிமூணு வருஷமா என்ன சொன்னாங்க? குதிச்சிட்டான்னு சொன்னாங்க. இந்தச் சட்டம் இல்லன்னா அது பொய்னு அந்த ஆள் வந்து சொல்லியிருப்பானா? கோர்ட்ல கேஸ் போட்டா வாயத் திறக்க மாட்டான். சாட்சி கிடையாது. தண்டனையும் கிடைக்காது, உண்மையும் கிடைக்காது."

"நீ அந்தப் பக்கத்து வக்கீல் மாதிரி பேசற."

"நீங்க நகரி ஞாபகத்துல பேசறீங்க. இது நகரி இல்ல."

பிறந்ததிலிருந்து ஊரை நாலு முறைதான் பார்த்திருக்கிறாள். அதிலும் இரண்டு முறை திருமலைக்குப் போய்விட்டு அப்படியே விமானம் ஏறியது. நகரி என்ற பெயரை அவள் பாதி ஆங்கிலமாக உச்சரிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பாக்கியம் ஆட்சேபிக்கிறேன் என்ற கட்டத்தில்தான் குறி போட்டாள். நான் சொன்னதாலா என்று இன்றுவரை தெரியாது.

4

நைனாவின் பிராது எப்படி முடிந்தது என்பதைச் சொல்கிறேன்.

எல்லை ஒருவழியாக முடிவாயிற்று. திருத்தணிப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனது, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. நகரியும் புத்தூரும் இருந்த இடத்திலேயே ஆந்திராவில் நின்றன. தலைவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். இனி பழையதைக் கிளற வேண்டாம், இரண்டு பக்கத்து வழக்குகளையும் முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. ஒன்பது பேர் மீதும் வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அதை வாபஸ் வாங்கத் தயார், ஆனால் நைனாவின் பிராதுதான் இடைஞ்சலாக இருக்கிறது, அதையும் அவர் வாபஸ் வாங்கினால் எல்லாம் ஒன்றாக முடியும் என்று ஓர் அதிகாரி சொல்லி அனுப்பினார். அதற்கு ராஜி என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்பது குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்குமேல் எங்கள் வாசல் பக்கம் திரும்பாதவர்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அண்ணன் மீது கேஸ் இருக்கிறது என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அவளுடைய அம்மாதான் பேசினாள்.

"ஒரு கையெழுத்துதானேண்ணா. உன் கையிலதான் ஒம்போது குடும்பம் இருக்குது."

நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பேரு சொன்னேன்னு நீ நெனச்சுகினு இருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குண்ணா" என்றாள்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ராஜிப் பத்திரத்தை எழுதியது பக்கத்து மேசைக்காரர். நைனாவால் பேனாவைப் பிடிக்க முடியாது. மை தடவிக் கட்டைவிரல் ரேகை வைத்தார். ஊரில் பாதிப்பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த மனிதர். வீட்டுக்கு வந்து விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு இருபது வயது. என்னை விட்டுவிட்டு மற்ற ஒன்பது பெயரும் போலீஸுக்கு எப்படிக் கிடைத்தன என்று நானும் யோசித்தவன்தான். அதை நைனாவிடம் கேட்டதில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

5

விசாரணை ஒரு தேவாலயத்தின் கூடத்தில் நடந்தது. பாக்கியத்தோடு நானும் என் மனைவி சரோஜாவும் போனோம். ஆளுக்கு ஒரு காது மாட்டி கொடுத்தார்கள். ஆங்கிலம், ஜூலு, ஆப்பிரிக்கான்ஸ் மூன்றிலும் மாற்றிக் கேட்கலாம்.

மனுதாரருக்கு அறுபது வயது இருக்கும். பழுப்புக் கோட்டு, மூக்குக்கண்ணாடி. ஓய்வுபெற்ற பாங்கு மானேஜர் என்று சொன்னால் நம்புவோம். பக்கத்தில் அவர் மனைவி கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். மனுதாரர் காகிதத்தைப் பார்த்து ஆப்பிரிக்கான்ஸில் படித்தார். தான் வடக்கே வேறு மாநிலத்தைச் சேர்ந்தவன், அப்போதுதான் டர்பனுக்கு மாற்றலாகி வந்ததாகச் சொன்னார். பையனிடம் கூட்டாளிகளின் பெயர் கேட்டார்களாம். மூன்று நாளாகச் சொல்லவில்லையாம். பயமுறுத்துவதற்காக ஜன்னலுக்கு வெளியே காலைப் பிடித்துத் தொங்கவிட்டார்களாம். பிடி நழுவிவிட்டதாம். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து, குதித்தான் என்று அறிக்கை எழுதினார்களாம். கூட இருந்த இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை.

பாக்கியத்தின் பக்கத்து வக்கீல் கேள்வி கேட்டார். எப்போது அடிக்க ஆரம்பித்தீர்கள்? ஞாபகம் இல்லை. அவன் என்ன சொன்னான்? ஞாபகம் இல்லை. கணக்கு வாத்தியார் புத்தி, நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழு ஞாபகம் இல்லை. முழுசும் சொன்னால்தான் மன்னிப்பு என்று சட்டம் சொல்கிறது. மறந்துபோனது முழுசில் சேருமா என்று சட்டம் சொல்லவில்லை.

கடைசியில் விசாரணைக்குத் தலைமை வகித்த நீதிபதி பாக்கியத்தைப் பார்த்து, மனுதாரரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். ஆங்கிலத்தில் "ஐயா, நான் அன்றைக்கு" என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டது. பிறகு அந்த மனிதரைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"காலைல சோத்து டப்பாவ எடுத்துகினு வந்து கீழ கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். உள்ள வுடல. சாயங்காலம் வரிக்கும் நின்னேன். எம்புள்ள என்னக் கூப்ட்டானா? அத்த மட்டும் சொல்லு."

கூடத்தில் எல்லோரும் காது மாட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று பேரும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கையை விரித்தார்கள். நான் எழுந்து, எனக்கு இந்த மொழி தெரியும், நான் சொல்கிறேன் என்றேன். பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் மட்டுமே பேசலாம் என்று நீதிபதி சொன்னார். அம்மா ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார்களா என்று கேட்டார். பாக்கியம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைத்தார். அவர் மனைவி அழுதார்.

காரில் வரும்போது நான் கேட்டேன். "இங்லீஷ்லயே கேட்டிருக்கலாமே பாக்கியம். உன் பேச்சே அதுதானே."

"தெரியும்ணா. வாய்ல அதுதான் வந்துச்சு."

மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது. கொலையாளியைத் தாய்மொழியில் மன்னித்த தாய் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். தெரு முழுக்க அவளைப் பாராட்டியது. நான் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. விசாரணை நடத்திய கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்தது, இதுதான் உங்கள் எண், இனி இந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும் என்று பதில் வந்தது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். அதற்கு வேறு ஒரு எண் வந்தது.

6

அந்தக் கூடத்திலிருந்து வந்த இரவெல்லாம் எனக்குத் திருப்பதிதான் ஞாபகத்தில் ஓடியது.

நான் அங்கே காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது நைனா என்னைப் பார்க்க ரயிலில் வந்தார். மலைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். கீழே பஸ்ஸுக்குப் பெரிய கூட்டம். வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்த போலீஸ்காரர்களுக்கு நடுவே ஓர் இன்ஸ்பெக்டர். நைனாவைப் பார்த்ததும் அவரே கிட்டே வந்தார்.

"ஏமண்டி, பாகுன்னாரா? நகரிதானே நீங்க?"

சௌக்கியமா என்று கேட்கிறார். கேட்டது அதே சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கு முகம் ஞாபகம் இருந்தது, எதனால் ஞாபகம் என்பதும் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல நைனாவின் தோளைத் தொட்டார். "இது உங்க பையனா? வரிசையில ஏன் நிக்கிறீங்க, ராண்டி, வாங்க" என்று எங்களை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

நைனா நாலு அடி நடந்தார். பிறகு நின்றார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. இவன் என் மவன். நான் அன்னிக்கு யார் பேராச்சும் சொன்னேனா? இவன் எதிர்ல சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். சிரித்தார்.

"அவன்னி இப்புடு எந்துக்கண்டி? அதெல்லாம் இப்ப எதுக்கு? அந்த நாள் அப்படி. நாங்க எல்லாம் மறந்தாச்சு. நீங்களும் சாமியப் பார்த்துட்டு நிம்மதியாப் போங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் எரிச்சலாக இருக்கிறது. உண்மையாகவே எங்களுக்கு ஓர் உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். நைனா திரும்பி நடந்தார். அன்றைக்கு நாங்கள் மலை ஏறவில்லை. ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் நைனா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டீ குடிக்கிறியா என்று கேட்டேன்.

நான் ஜாம்பியாவுக்குக் கிளம்பிய அடுத்த வருஷம் அவர் போய்விட்டார்.

7

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மனுதாரருக்குப் பொதுமன்னிப்பு. குற்றம் அரசியல் நோக்கம் கொண்டது, தெரிந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பத்தி. இறந்தவரின் தாயார் தமது மொழியில் உணர்வுகளை வெளிப்படுத்தினார் என்று ஒரு வரி. தனபாலன் பெயரில் இந்த முறை ஒரு எழுத்துத்தான் தப்பு.

பாக்கியம் அவரைக்காய்க் கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரி" என்றாள். எனக்கு அந்தச் சரியைத் தாங்க முடியவில்லை.

"நீ அன்னிக்குக் கேட்டது அவருக்குப் புரியவே இல்ல. இங்லீஷ்ல எழுதி அவர் வக்கீலுக்கு அனுப்பறேன். கேக்கட்டுமா?"

"எழுதினா மட்டும் சொல்லிடப் போறானா?" என்றாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விலாசத்துக்காக மாலதியிடம் போனேன். "அவருக்கு இனிமே பதில் சொல்ற கடமை இல்லப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இனிமே அவருக்குப் பயமும் இல்ல. சொன்னாலும் சொல்வார்" என்று எழுதிக் கொடுத்தாள். நாலே வரியில் எழுதி, அடியில் பாக்கியத்தின் போன் நம்பரைப் போட்டு அனுப்பினேன். ஒரு மாதம் பதில் இல்லை. இதுவும் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியம் சுவரோரம் வந்து நின்றாள். கோயிலுக்குக் கிளம்பியவள்போலப் புடவை கட்டியிருந்தாள். காலில் செருப்பு இல்லை.

"அவன் போன் பண்ணான்ணா."

நான் குழாயை மூடினேன்.

"கூப்ட்டானாம். காலைலேர்ந்தே கூப்ட்டுகினு இருந்தானாம். அம்மா, அம்மான்னு." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "அந்த வார்த்த இன்னான்னு அவங்களுக்குத் தெரியலியாம். கூட்டாளி பேருன்னு நெனச்சுட்டாங்களாம். யாரு அந்த அம்மா, எங்க ஒளிஞ்சுகினு இருக்குறான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்களாம். எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு இந்தியப் போலீஸ்காரன்தான் அர்த்தம் சொன்னானாம். இவன் போன்ல மன்னிச்சுக்கோ அம்மான்னு அழுதான். அதே வார்த்தயச் சொல்லி அழுதான்."

இதை அவர் கூடத்தில் சொல்லவில்லை. பதினேழு ஞாபகம் இல்லைக்குள் இதுவும் ஒன்று. முழுசும் சொல்லவில்லை என்று ஆகிறது, இதை வைத்துத் தீர்ப்பை எதிர்த்து மறுபடி மனு போடலாம், மாலதியிடம் இன்றைக்கே பேச வேண்டும். வெட்கத்தோடு எழுதுகிறேன், என் புத்தி முதலில் அங்கேதான் ஓடியது. பத்திரக்காரன் பிள்ளை.

பாக்கியம் சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேக்காமலே இருந்திருக்கலாமோண்ணா?"

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி கேள், கேள்வி கேள் என்று சொன்னவன் நான். வாசலைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, உள்ளே போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிரெதிராக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சரோஜாவும் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போன் மறுபடி அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து ஓய்ந்தது.